நிலையான வளர்ச்சியைக் கேள்விகளோடு கற்பிப்பது எப்படி? பாலாற்றை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். போன ஆண்டு வைத்த கன்று பட்டுப்போன அதே குழியில் இந்த ஆண்டு இன்னொரு கன்று. ஓர் ஓவியப் போட்டி. பூமி ஒரு பக்கம் பச்சையாகச் சிரிக்கும், மறுபக்கம் கறுப்பாக அழும். பிளாஸ்டிக் பையைத் தொடமாட்டோம் என்று கைநீட்டி ஓர் உறுதிமொழி. அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அது சமூக அறிவியல் அல்ல. ஆற்றில் கழிவு கலந்தது யாருடைய முடிவால், அதில் வரவு யாருக்கு, செலவு யார் தலையில், தடுத்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்கும்போதுதான் நம் பாடம் தொடங்குகிறது.

ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி முதலாண்டு வரை பொருளியல், அரசியல் அறிவியல், சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏழெட்டுப் பாடவேளையும், முடிந்தால் ஒரு நாள் களப்பயணமும் போதும். பத்து ஊர்க் கதைகளைத் தொட்டுக்கொண்டு ஓடாமல், ஒரே வழக்கைக் கடைசிவரை பின்தொடர வேண்டும் என்பது என் கட்சி. நான் எடுப்பது பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் வழக்கு. காரணம் இருக்கிறது. ‘நிலையான வளர்ச்சி’ என்ற கருத்தும், ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’, ‘தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும்’ என்ற கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதிபடச் சொன்னது, வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த இந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று. பாடநூலில் பெட்டி கட்டிப் போட்டிருக்கும் வரையறைக்குப் பின்னால் நம்மூர்க் கிணறுகள் இருக்கின்றன.

படி 1: வகுப்புக்குப் போகும் முன், உங்களுக்கு நீங்களே ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள்

1970களில் மேற்கு ஜெர்மனியில் அரசியல் கல்வி குறித்து இடதுக்கும் வலதுக்கும் பெரும் சண்டை. ஆசிரியர் மாணவரை விடுவிக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. இது மூளைச்சலவை என்றது மறு தரப்பு. 1976இல் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்துச் சிற்றூரான பாய்டல்ஸ்பாக்கில் இரு தரப்பாரும் கூடிப் பேசினார்கள். அதிலிருந்து மூன்று விதிகள் பிறந்தன. மாணவரை ஆசிரியரின் கருத்தால் அமுக்கக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்க வேண்டும். தன் நலன் எங்கே இருக்கிறது, அதற்காக என்ன செய்யலாம் என்பதை மாணவரே ஆராயும் திறன் பெற வேண்டும். இவற்றை யாரும் வாக்கெடுத்து நிறைவேற்றவில்லை என்பது வேடிக்கை. கூட்டத்தில் இருந்த ஒருவர் எழுதிவைத்த குறிப்பே பிறகு ‘பாய்டல்ஸ்பாக் ஒப்புதல்’ என்று பெயர் பெற்றது.

நிலைத்தன்மையைக் கற்பிக்க இதைவிட நல்ல காப்பு எனக்குத் தெரியாது. இந்தப் பாடத்தில் உபதேசம் மிக எளிதாக நுழைந்துவிடும். 1992லேயே கனடாக் கல்வியாளர் பாப் ஜிக்லிங் இதே சந்தேகத்தை எழுப்பினார். கல்வி என்பது சிந்திக்கப் பழக்குவது. ஏற்கெனவே முடிவுசெய்த ஓர் இலக்குக்காகப் பிள்ளைகளைத் தயார்செய்வது கல்வியா என்பது அவர் கேள்வி.

அதற்காக எல்லாவற்றையும் ‘இரு பக்கமும் உண்டு’ என்று தராசில் வைத்துவிடாதீர்கள். கிணற்றில் உப்பு ஏறியிருக்கிறதா என்பது அளந்தால் தெரிந்துவிடும். அது விவாதப் பொருள் அல்ல. உப்பு ஏறிய கிணற்றுக்கு யார், எவ்வளவு, எப்போது கொடுக்க வேண்டும் என்பதுதான் விவாதம். இந்தக் கோட்டை முதல் நாளே கரும்பலகையில் போட்டுவிடுங்கள்.

படி 2: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு பாடவேளை போதும். ‘நிலையான வளர்ச்சி’, ‘நீடித்த வளர்ச்சி’, ‘நிலைத்த மேம்பாடு’, இலங்கையில் ‘பேண்தகு அபிவிருத்தி’, ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்று எல்லாவற்றையும் எழுதிப் போடுங்கள். எது நிலைக்க வேண்டும்? வளர்ச்சி விகிதமா, ஆறா, வேலையா? ‘பேண்தகு’ என்றால் பேணுகிறவர் ஒருவர் இருக்க வேண்டுமே, அவர் யார்? தமிழில் இந்தச் சொற்கள் இன்னும் கெட்டிப்படாமல் இருப்பது நமக்கு வசதிதான். கேள்வி கேட்க இடம் கிடைக்கிறது.

இந்தக் கருத்து பிறந்த இடமும் சுவையானது. 1713இல் சாக்சனி நாட்டின் சுரங்க நிர்வாகி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், வெட்டும் அளவுக்கு மரம் வளரவும் வேண்டும் என்று எழுதினார். வெள்ளியை உருக்க விறகு தட்டுப்பட்டதே அவரை எழுதத் தூண்டியது. ஆக, இந்தச் சொல்லுக்குள் முதல் நாளிலிருந்தே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். இதை மாணவர்களிடம் சொல்லுங்கள், ரசிப்பார்கள்.

அடுத்து 1987. நார்வேயின் குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையிலான சுற்றுச்சூழல், வளர்ச்சிக்கான உலக ஆணையத்தின் அறிக்கை தந்த வரையறை: எதிர்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளும் திறனுக்குக் குந்தகமின்றி இன்றைய தேவைகளை நிறைவுசெய்வது. நம் பாடநூல்கள் பெரும்பாலும் இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. அறிக்கையில் பேச்சு தொடர்கிறது. ‘தேவை’ என்றால் குறிப்பாக உலகின் ஏழைகளுடைய அடிப்படைத் தேவை, அதற்கே முதலிடம் என்கிறது. இயற்கை தாங்கும் அளவைத் தொழில்நுட்பமும் சமூக அமைப்பும் வரையறுக்கின்றன என்றும் சொல்கிறது. வரையறையின் இரு பாதிகளையும் தனித்தனித் தாளில் கொடுத்து, இரண்டாம் பாதி விழுந்துபோனால் யாருக்கு வசதி என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே இருபது நிமிடம் ஓடிவிடும்.

வெட்டி ஒட்டுவதற்கு நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1972இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் இந்திரா காந்தி, வறுமையும் தேவையுமே மிகப்பெரிய மாசுபடுத்திகள் அல்லவா என்று கேள்வியாகக் கேட்டார். ‘வறுமையே மிகப்பெரிய மாசு’ என்று அது பழமொழியாகிவிட்டது. கேள்வி ஒன்று தீர்ப்பாக மாறியது எப்படி என்பதே ஓர் அரசியல் பாடம்.

படி 3: வழக்கைக் கையில் கொடுங்கள்

இந்தப் படிக்கு மூன்று பாடவேளை ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

முதலில் தொழில். ஒரு தோல் எப்படிச் செருப்பாகிறது என்று தெரியாமல் மாசு பற்றிப் பேசுவது வெறும் கூச்சல். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிடுவார்கள். ஆலைக்கு வந்ததும் ஊறவைத்து உப்பைக் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டி, முடி நீக்கல், சதை நீக்கல், கடைசியில் பதனிடுதல். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குரோமிய உப்பு போட்டால் ஓரிரு நாளில் வேலை முடியும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் போகிறது, குரோம் முறையில் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்று 1996 தீர்ப்பே பதிவு செய்கிறது. பலர் குரோமை மட்டுமே வில்லனாக்குவார்கள். குரோமைப் பெருமளவு பிரித்து எடுத்துவிடலாம். கரைந்துபோன உப்பைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. கிணற்றைக் கெடுத்ததில் அந்தச் சாதாரண உப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டாவது, கொள்கை. ஆவாரம்பட்டையிலிருந்து குரோமுக்கு மாறியது முதலாளிகளின் பேராசையால் மட்டுமா? 1972இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை விற்பதைவிட முழுமையாக முடித்த தோலையும் தோல் பொருளையும் ஏற்றுமதி செய்தால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கூடும் என்றது. தொடர்ந்து பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பொருளியல் பாடநூலில் ‘மதிப்புக் கூட்டல்’ என்று படிக்கிறோமே, அதுதான். மதிப்போடு கழிவும் கூடி இங்கேயே தங்கியது. அதே சமயம் பணக்கார நாடுகள் இந்தத் தொழிலின் அழுக்கு நிறைந்த கட்டங்களைத் தம் எல்லைக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

இங்கே ஒரு நுட்பம். 1989இல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை வராமலிருக்கப் பயன்படும் பென்டாகுளோரோஃபீனால் என்ற வேதிப்பொருளுக்குத் தடை விதித்தது. ஏற்றுமதி நின்றுவிடுமே என்ற பயத்தில் நம் தொழில் அதைக் கைவிட்டு மாற்றுக்குப் போனது. வாங்குபவரின் காலில் படும் நஞ்சுக்கு வந்த வேகம், செய்பவரின் ஆற்றில் இறங்கும் உப்புக்கு ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் உலக வணிகத்தின் பாதி புரிந்துவிடும்.

மூன்றாவது, தீர்ப்பு. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம், இழப்பை அளக்கத் தனி ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் சூழல் வழக்குகளுக்கான பசுமை அமர்வு என்று உத்தரவுகள் வந்தன. தீர்ப்பில் ஒரு கருத்தை மட்டும் தனியாகப் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடுங்கள்: வளர்ச்சியும் சூழலும் ஒன்றுக்கொன்று எதிர் என்ற பழைய எண்ணம் இனி ஏற்கத்தக்கதல்ல, நிலையான வளர்ச்சியே விடை. மதிப்புக்குரிய தீர்ப்புதான், மாணவர் இதையும் கேட்கலாம். இரண்டும் எதிர் இல்லையென்றால் இந்த வழக்கு ஏன் வந்தது? மோதலைத் தீர்க்கிற சொல்லா இது, மோதலை மறைக்கிற சொல்லா? என் வகுப்பாக இருந்தால் ஒரு முழு மணி நேரத்தை இதற்கே விட்டுவிடுவேன்.

நான்காவது, தீர்ப்புக்குப் பின்னால் நடந்தது. ஆணையம் 1991 முதல் 1998 வரையான இழப்புக்கு வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று 2001இல் கணக்கிட்டது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தீர்வாகக் கட்டிய இடத்திலேயே அந்தச் சாவு. ஆற்றுக்குப் போகாமல் பிடித்துவைத்த கழிவு எங்கேதான் போகும் என்ற கேள்வியை எந்த இயந்திரமும் தீர்த்துவைக்கவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி இதே சிக்கலில் தலையிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. கண்காணிக்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு ஒன்றுக்கும் உத்தரவிட்டது.

ஒரு சின்னக் குறிப்பு: பழைய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. வரைபடத்தில் இதைக் காட்டாவிட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

படி 4: கணக்குப் போடச் சொல்லுங்கள்

26.82 கோடியை 29,193 ஆல் வகுக்கச் சொல்லுங்கள். சராசரியாக ஆளுக்கு 9,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். அதை ஏழு ஆண்டுச் சொச்சத்துக்கு, மாதக் கணக்கில் பிரித்தால் சுமார் நூறு ரூபாய். வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைப் பேசிக் கெடுக்காதீர்கள். பிறகு மெதுவாகக் கேளுங்கள்: இது சராசரி, நிலத்தின் அளவைப் பொறுத்துக் கூடும், குறையும். அப்படியானால் நிலமே இல்லாமல் அந்த வயலில் நடவு நட்ட கூலிக்காரரின் இழப்பு எந்தக் கணக்கில் வரும்? உப்பேறிய கிணற்றால் தண்ணீர் சுமந்த பெண்களின் நேரம்?

அடுத்த கணக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தி. ஏற்றுமதியான தோல் அதில் ஏறும். கிணறு கெட்டபின் காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீரும் ஏறும். மருத்துவமனைச் செலவும் ஏறும். கெட்டுப்போன கிணறு மட்டும் எங்கும் கழியாது. இதைப் புரிந்துகொண்ட மாணவரிடம் ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளையும் 169 உள் இலக்குகளையும் கொடுங்கள். எட்டாவது இலக்கு, மிகவும் பின்தங்கிய நாடுகளில் ஆண்டுக்குக் குறைந்தது 7 சதவீதப் பொருளாதார வளர்ச்சி கேட்கிறது. பன்னிரண்டாவது நுகர்வையும் உற்பத்தியையும் பொறுப்புக்குள் கொண்டுவரச் சொல்கிறது. இரண்டும் எங்கே கைகோக்கும், எங்கே முட்டும் என்று அவர்களே கோடு போடட்டும். வண்ண வண்ணக் கட்டங்களை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

‘கார்பன் தடம்’ (ஒருவரின் வாழ்க்கைமுறையால் காற்றில் சேரும் கரியமில வாயுவின் அளவு) பற்றியும் இங்கேயே பேசிவிடலாம். ஒவ்வொருவரும் தம் தடத்தைக் கணக்கிடும் வழக்கத்தை 2000களின் நடுவில் பெரிய அளவில் விளம்பரப்படுத்தியது பி.பி. என்ற எண்ணெய் நிறுவனம். எண்ணெய் விற்கிறவர் நம் வீட்டு விளக்கை எண்ணச் சொன்னார். இதற்கு எதிர்த் திசையிலிருந்து 1991லேயே ஒரு குரல் எழுந்தது. டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், நெல் வயலிலிருந்து வரும் வாயுவையும் பணக்கார நாட்டுக் காரிலிருந்து வரும் வாயுவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது, ஒன்று பிழைப்புக்கானது, மற்றது சொகுசுக்கானது என்று வாதிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

படி 5: பாத்திரங்களைப் பிரித்துக் கொடுங்கள்

ஒரு பொது விசாரணை நடத்துங்கள். தென்னை காய்ந்துபோன விவசாயி, நிலமற்ற கூலி, விடியற்காலை வேன் ஏறி ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் பெண், கூலிக்குத் தோல் பதனிடும் சின்ன ஆலைக்காரர், பெரிய ஏற்றுமதியாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர், வங்கத்திலிருந்து வந்த தொழிலாளி, விலையைக் குறைக்கச் சொல்லும் வெளிநாட்டுக் கொள்முதலாளர். கடைசி ஆளை மறந்துவிடாதீர்கள். நிஜ விசாரணைகளில் அவர் ஒருபோதும் வருவதில்லை, வகுப்பிலாவது வரட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, சின்ன ஆலைக்காரரை வில்லனாக எழுதிவிடாதீர்கள். சுத்திகரிப்புச் செலவை உள்ளூர்க்காரர் தாங்க வேண்டும், லாபத்தின் பெரும்பகுதி வேறெங்கோ போகும் என்பது அவர் தரப்பின் நியாயம். அதைச் சொல்ல அவருக்கு இடம் வேண்டும். இன்னொன்று இன்னும் முக்கியம். தோல் தொழிலில் சாதியும் மதமும் கலந்திருக்கின்றன. ‘தீட்டு’ என்று மற்றவர்கள் ஒதுக்கிய வேலையைச் சிலர் தலையில் கட்டியது இந்தச் சமூகம்தான். ஆற்று மாசு பற்றிய பேச்சு ஒரு நொடியில் ஒரு சமூகத்தின் மீதான பழியாகத் திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் விளையாட்டை அங்கேயே நிறுத்தி, அந்தத் திருப்பத்தையே பாடமாக்குங்கள்: அழுக்கு நிறைந்த வேலை யாருக்கு, ஏன் ஒதுக்கப்பட்டது?

படி 6: பொற்காலக் கதைகளிடமும் கேள்வி கேளுங்கள்

யாராவது ஒரு மாணவர் எழுந்து, ‘அந்தக் காலத்தில் குடிமராமத்து இருந்தது ஐயா, ஊரே கூடி ஏரியைப் பேணியது’ என்பார். பாதி உண்மை. பொதுவளத்தை மக்களே விதிபோட்டுக் காக்க முடியும் என்று காட்டியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியல் நோபல் பெற்றார். ஆனால் கரையில் மண் சுமந்தது யார், மடை திறந்ததும் முதல் தண்ணீர் யாருக்கு என்றும் கேட்க வேண்டும். 1858இல் சென்னை மாகாணத்தில் இந்த உழைப்பைக் கட்டாயமாக்கச் சட்டமே போட வேண்டியிருந்தது. மனமுவந்து நடந்ததற்கு எதற்குச் சட்டம்?

படி 7: வெளியே போய்ப் பாருங்கள்

வேலூர் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஒரு சாயப்பட்டறை, கல்குவாரி, இறால் பண்ணை, குப்பைக்கிடங்கு இருக்கும். கரைந்த உப்பை அளக்கும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பத்துக் கிணறுகளில் அளந்து வரைபடத்தில் குறிக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தரநிலை. கழிவுநீரைப் பிள்ளைகள் தொடவே கூடாது; ஆலைக்குள் அனுமதியின்றி நுழையவும் கூடாது.

அளந்த பிறகு என்ன செய்வது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம், கிராம சபையில் ஒரு கேள்வி, ஒன்றுமே செய்யாமல் அறிக்கையோடு நிறுத்துவது, எல்லாமே ஏற்கத்தக்க முடிவுகள். 1976இல் அரசியலமைப்பில் இரு கூறுகள் ஒன்றாகச் சேர்ந்தன. ஒன்று சூழலைக் காக்க அரசுக்கு வழிகாட்டுகிறது, பிரிவு 48அ. மற்றது குடிமகனின் கடமை, பிரிவு 51அ. பள்ளிச் சுவர்களில் இரண்டாவதை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

படி 8: மதிப்பெண்

‘நிலையான வளர்ச்சியின் முக்கியத்துவம் பற்றி ஒரு பக்கம் எழுதுக’ என்று கேட்டால், இத்தனை நாள் பாடமும் ஒரே கேள்வியில் செத்துப்போகும். மாறாக, தான் ஏற்காத தரப்பின் வாதத்தை, அந்தத் தரப்பாரே ‘ஆம், இதுதான் எங்கள் பேச்சு’ என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதச் சொல்லுங்கள். பிறகு அதற்குத் தன் பதில். மதிப்பெண் சான்றுக்கும் தர்க்கத்துக்கும்தான், முடிவுக்கு அல்ல. ஆலைகளை மூட வேண்டும் என்பவரும் மூடக் கூடாது என்பவரும் முழு மதிப்பெண் பெற முடிய வேண்டும். முடியவில்லையென்றால் தவறு வினாத்தாளில் இருக்கிறது.

கடைசியாக, வகுப்பில் வரும் சிக்கல்கள்

‘பாடத்திட்டத்துக்கு இதில் நேரம் எங்கே?’ என்று தலைமை ஆசிரியர் கேட்பார். உச்ச நீதிமன்றம், அடிப்படை உரிமைகள், தேசிய வருமானம், உள்ளாட்சி, பன்னாட்டு வணிகம் என்று இந்த ஒரு வழக்கு தொட்டுச்செல்லும் பாடங்களைப் பட்டியலிட்டுக் கொடுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். ‘இது அரசியல்’ என்பவரிடம் பாடத்தின் பெயரே அரசியல் அறிவியல் என்று சொல்லலாம், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

உண்மையான சிக்கல் வேறு. அப்பா தோல் ஆலையில் வேலை செய்யும் பிள்ளை ஒன்று கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். பொது விசாரணையில் அந்தப் பிள்ளையைத் தொழிலாளியாக நடிக்க வைக்காதீர்கள். எந்தப் பாத்திரம் வேண்டும் என்று முந்தின நாளே தனியாகக் கேளுங்கள். பொறியாளராக வர விரும்பலாம், நீதிபதியாகவும் விரும்பலாம், அன்றைக்கு வெறும் குறிப்பெடுப்பவராக இருக்கிறேன் என்றாலும் சரி என்று விட்டுவிடுங்கள்.